அரைமணி செய்த கடிகாரம்

எங்கள் ஊரில் "அரைமணி பட்டறை எங்கே?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை நீட்டிக் காட்டும். பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே முழிப்பார். அந்த அரைமணி என் சகலை. அவர் கட்டியது அக்காவை, நான் கட்டியது தங்கையை. இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி செய்வது அவர் தொழில். நான் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் பெண் எடுத்தோம் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. ஓரிடத்துக்கு ஒரு நிமிடம் பிந்துவதற்குப் பதில் நான் கால்மணி முன்பே போய் வாசலில் நிற்பேன். அவரோ, மருத்துவர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்துப் பிறந்தவர்.

சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டப் போவார். மாட்டியதும் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? கிளம்ப மாட்டார். பத்துத் தடவை திறந்து மூடிப் பார்ப்பார். எங்கேயாவது கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் போச்சு, கழற்றிவிடுவார். "இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு" என்பார். அந்த ஒரு தேய்ப்புக்கு அரைமணி ஆகும். அடுத்த வீட்டுக்காரர் அங்கே வாசலில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருப்பார். திட்டியவர்களே பத்து வருடம் கழித்து, "கதவுன்னா அது கதவு, இன்னிக்கு வரைக்கும் சத்தம் வரல" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பாராட்டு பத்து வருடம் கழித்து வருகிறது, திட்டு அன்றைக்கே வருகிறது. என்ன செய்ய?

அவருடைய திருமணம் பதிவு அலுவலகத்தில் பத்தரை மணிக்கு என்று ஏற்பாடு. மாப்பிள்ளை வரும் வழியில் ஒரு பள்ளிக்கூட வேன், கதவு சிக்கிக்கொண்டு உள்ளே பிள்ளைகளோடு நின்றிருக்கிறது. இறங்கி நெம்பித் திறந்துவிட்டார். அதுவரை சரி. திறந்த பிறகு, கதவு ஓடுகிற தண்டவாளம் வளைந்திருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. பதினொரு மணிக்குக் கல்யாணச் சட்டையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். பதிவாளர் அவரையும்விடத் தாமதமாக வந்ததால் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்ற மாமனாருக்கு அந்த அரைமணி நேரம் ஆறவே இல்லை.

"என்னிக்கு இந்த ஆளு சொன்னது சொன்ன நேரத்துக்கு நடக்குதோ, அன்னிக்கு என் வாயால மாப்பிள்ளைன்னு கூப்பிடுறேன். அதுவரைக்கும் இல்ல" என்றார். கல்யாண வீட்டுக் கோபம், ரெண்டு நாளில் போய்விடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இருபத்தாறு வருடம் போகவில்லை.

மாமனார் யார் என்று சொன்னால்தான் இது புரியும். பேருந்து நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் டைம் கீப்பர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி, விசில் ஊதி அனுப்புகிற உத்தியோகம். அவர் விசில் ஊதினால் ஒரு காலை வெளியே வைத்திருக்கிற ஓட்டுநர்கூட வண்டியை எடுத்துவிடுவார். மூத்த மகள் விஷயத்தில் சூடுபட்ட பூனையாகி, இளைய மகளுக்கு வாட்ச் ரிப்பேர்காரனையே தேடிப் பிடித்தார். என்னைப் பார்க்க வந்த அன்று என் சம்பாத்தியத்தைக் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே நொடி காட்டின. அன்று முதல் அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் நான் ஒருவன்தான். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மாமியார் போன பிறகு மாமனார் மூத்த மகள் வீட்டுக்கே வந்துவிட்டார். வீடு அரைமணியுடையது, சோறு அரைமணியுடையது, உட்காருகிற நாற்காலிகூட அரைமணி வளைத்துப் பற்றவைத்த இரும்பு நாற்காலி. ஆனால் அவரோடு நேராகப் பேச்சு கிடையாது. "ஏம்மா, உன் வீட்டுக்காரர்கிட்ட அந்தக் குழாயப் பார்க்கச் சொல்லு" என்பார். அந்த வீட்டுக்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பார். நடுவில் தபால்காரி வேலை பார்த்துப் பார்த்து என் மனைவியின் அக்காவுக்கு அலுத்துவிட்டது. "எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். எங்கப்பா அவரை ஒருதடவை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டா போதும்" என்று தங்கையிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

இந்த நிலையில் மாமனாருக்குக் கண் கெட்டது. நடுப்பார்வை போய் ஓரப் பார்வை மட்டும் மிஞ்சியது. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. சுவர்க் கடிகாரம் இருப்பது தெரியும், முள் தெரியாது. ஒரு நாளைக்கு முப்பது தடவை மணி கேட்க ஆரம்பித்தார். நான் சும்மா இருப்பேனா? கடையிலிருந்து பேசும் கடிகாரம் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் மணி சொல்லும். இரண்டாம் நாளே அதைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கிவிட்டார்.

"நல்லாத்தானே மாமா சொல்லுது?" என்று கேட்டேன்.

"சொல்லுது மாப்ளே. அவ சொல்லி நான் கேக்குறேன். முப்பத்து நாலு வருஷம் நான் பார்த்துச் சொல்லி ஊரு கேட்டுச்சு. கேட்டுத் தெரிஞ்சுக்குறவன் பேரு டைம் கீப்பர் இல்ல, பயணி."

நான் கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டேன். ஆனால் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அரைமணிக்கு ஏதோ பொறி தட்டிவிட்டது.

அவருக்கு ஒரு பழக்கம். பழைய இரும்பு வாங்கப் போகிற இடத்தில், எடைக்கு வந்து கிடக்கிற புத்தகங்களைக் கிளறுவார். அப்படி ஒருமுறை அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நிழல் கடிகாரங்களைப் பற்றியது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார், நான் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நூல் மாதிரிச் சுருள்கம்பியோடு போராடுகிற நேரமாகப் பார்த்து.

"சகல, கடிகார முள்ளு ஏன் இந்தப் பக்கமா சுத்துது, அந்தப் பக்கமா சுத்தல?"

"அது அப்படித்தான் சுத்தும்."

"அதான் ஏன்? பூமியோட வடக்குப் பாதியில, தரையில நட்ட குச்சியோட நிழல் அப்படித்தான் சுத்துது. கடிகாரம் செஞ்சவன் நிழலப் பார்த்துத்தான் முள்ள வச்சிருக்கான்."

இருபத்தைந்து வருடமாக முள்ளோடு குடித்தனம் நடத்துகிறேன், இது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் தலையாட்டினேன். அவர் விடவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்பே எகிப்துக்காரர்கள் கையளவு கல்லில் கோடு போட்டு நிழலில் நேரம் பார்த்தார்களாம். ரோமாபுரிப் படை ஒன்று சிசிலித் தீவுப் பக்கம் ஓர் ஊரை ஜெயித்து, அங்கிருந்த நிழல் கடிகாரத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து தங்கள் சந்தை வெளியில் நட்டதாம். அது அந்த ஊர்ச் சூரியனுக்குச் செய்தது. இங்கே தப்பாகத்தானே காட்டும்? தொண்ணூற்றொன்பது வருடம் அந்தத் தப்பையே நம்பி ஊர் நடந்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த திருகாணி எங்கேயோ போய் விழுந்தது.

"இன்னொண்ணு கேளுங்க. சக்கரம் வச்ச கடிகாரம் வந்த புதுசுல அதெல்லாம் தாறுமாறா ஓடுமாம். மத்தியானம் நிழலப் பார்த்துத்தான் முள்ளத் திருப்பி வைப்பாங்களாம். உங்க தொழிலுக்கே நிழல்தான் வாத்தியாரு."

"வந்த வேலை என்ன சகல?" என்றேன் கடுப்பாக.

"மாமாவுக்கு ஒண்ணு செய்யப் போறேன். கண்ணால பார்க்குற மாதிரி, பெருசா."

செப்டம்பருக்குள் முடிப்பதாகச் சொன்னார். நவம்பர் முதல் வாரம் முடித்தார். ஆனால் அதை நானே இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்தேன். மூன்றடி அகலத்துக்கு, வில் மாதிரி வளைத்த இரும்புப் பட்டை. அதன் உள்பக்கம் பளீரென்று வெள்ளை வண்ணம். வில்லின் நடுவே, வடக்கு நட்சத்திரத்தைக் குறிபார்த்துச் சாய்ந்து நிற்கும் ஒரு கம்பி. கம்பியின் கருப்பு நிழல் வெள்ளைப் பட்டையில் விழும். மணிக்கு ஒரு கோடு, கோட்டுக்குக் கோடு ஒரே இடைவெளி. எண்களைத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி ஒட்டியிருந்தார், விரலால் தடவினாலும் எது எட்டு, எது ஒன்பது என்று தெரியும்படி.

வடக்கைக் கண்டுபிடித்த கதை தனி. முதலில் திசைகாட்டி ஒன்று வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாராம். அவ்வளவு இரும்புக்குப் பக்கத்தில் ஊசி எந்த வடக்கைக் காட்டும்? கடிகாரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஊசியும் கூடவே திரும்பியிருக்கிறது. ஒரு முழு நாள் ஊசியும் இரும்பும் ஒன்றையொன்று பார்த்து நின்ற பிறகுதான் இவருக்கு உறைத்தது. அப்புறம் தரையில் ஒரு குச்சி நட்டு, சுற்றி வட்டம் போட்டு, காலையில் நிழல்முனை வட்டத்தைத் தொட்ட இடத்தையும் மாலையில் தொட்ட இடத்தையும் குறித்தார். இரண்டுக்கும் நடுவே குச்சியிலிருந்து கோடு இழுத்தால் அதுதான் வடக்கு. பீடத்தை நான்கு போல்ட்டில் நிறுத்தினார். திருப்பிச் சரிசெய்ய வசதியாகப் போல்ட் துளைகளை நீளமாக வெட்டியிருந்தார். "அப்புறம் வெல்டு வச்சு நிரந்தரமாக்கிடலாம்" என்றார். அவருடைய அப்புறம் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

முற்றத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நாள் முழுக்க வெயில் படுகிற இடம். மாமனாரை நாற்காலியோடு கொண்டுவந்து வைத்தோம். அவர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து ஓரப் பார்வையால் பார்த்தார். விரலால் எண்களைத் தடவினார்.

"பத்து அடிக்கப் போகுது" என்றார்.

உள்ளே வானொலியில் பத்து மணிச் செய்திக்கான ஒலி எழுந்தது. மாமனார் அந்தப் பக்கம் காதைத் திருப்பினார். "ம்" என்றார். ஆனால் அன்று அவர் சாப்பிட உள்ளே வரவில்லை, தட்டு வெளியே போனது.

அதன் பிறகு அந்த முற்றம் பேருந்து நிலையமாகிவிட்டது. தெருவில் போகிற பள்ளிப் பிள்ளைகளை "எட்டு நாப்பது, ஓடுங்க!" என்று விரட்டுவார். பக்கத்து வீட்டு நர்ஸ் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "ஐயா, மணி?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடப்பாள். முதல் ஒரு வாரம் வானொலியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர், பிறகு வானொலியை மறந்தே போனார். பேசும் கடிகாரம் தலையணைக்கு அடியிலேயே தூங்கிப்போனது. என்னிடம் மணி கேட்க ஆளில்லை. எனக்குக் கொஞ்சம் எரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி முதல் வாரம் நர்ஸுக்குப் பஸ் தவறியது. "ஐயா எட்டேகால்னு சொன்னாங்க, போய்ப் பார்த்தா பஸ் போயே போச்சு" என்று அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாமனாருக்கு அது சிரிப்பாக இல்லை. உள்ளே போய் வானொலியைப் போட்டார். நிழல் இருபது நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பயணிக்குக்கூட அவரால் வண்டி தவறியதில்லை.

"செஞ்ச ஆளு மாதிரிதானே சாமானும் இருக்கும்!" என்று கத்தினார். "ஏம்மா, பழைய இரும்புக்காரனக் கூப்பிடு. எடைக்குப் போடு."

அந்தக் கத்தலில் கோபம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் வலி. அவர் அதை நம்பியிருந்தார் அல்லவா?

அரைமணி பட்டறையிலிருந்து வந்தார், வழக்கம்போல் மெதுவாக. மாமனார் எதிரே நின்று, இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக நீளமாகப் பேசினார்.

"மாமா, அது பழுதாகல. நவம்பர்ல சரியா இருந்துச்சு, இப்ப பின்தங்குது, இன்னும் பின்தங்கும். பிப்ரவரி பதினொண்ணாம் தேதி சரியா அரைமணி பின்னாடி நிக்கும். அதோட நின்னு, அப்புறம் திரும்பி வரும். எந்த மாசம் எத்தனை நிமிஷம் கூட்டணும்னு ஒரு தகடு வெட்டிக்கிட்டு இருக்கேன். அது இன்னும் முடியல."

"முடியாது. உன் வேலை என்னிக்கு முடிஞ்சிருக்கு?" என்றார் மாமனார். அவரை 'உன்' என்று நேராகச் சொன்னதே முன்னேற்றம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். "சரி. பதினொண்ணாம் தேதி, காலையில பத்து மணி. நீ சொன்னபடி இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா அன்னிக்கே இரும்புக்காரன்."

இந்தப் பேச்சு நடந்தபோது நான் அங்கே இல்லை. என் மனைவி வந்து சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "பதினொண்ணாம் தேதி பத்து மணிக்கு அப்பா அந்தக் கடிகாரத்தச் சோதிக்கப் போறாராம். தப்பா இருந்தா எடைக்குப் போட்டுருவாராம். அக்கா அழுதுக்கிட்டே இருக்கா."

நான் யோசித்தேன். என் மனசில் எரிச்சல் இருந்தது, ஆனால் அந்த அக்காவின் கண்ணீர் எனக்கும் சுட்டது. தவிர, இது என் தொழில். கடைக்கு ஒருவர் வந்து, வாட்ச் அரைமணி ஸ்லோ என்றால் நான் என்ன செய்வேன்? முள்ளைத் திருப்பி வைப்பேன்.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு, அரைமணி பட்டறையில் இருக்கிற நேரம். மாமனாரை மூத்த மகள் கண் மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தாள். குழாய் சரிசெய்ய வந்தவன் மாதிரி முற்றத்துக்குப் போனேன். என் கடிகாரத்தில் பத்து, நிழலில் ஒன்பதரை. நல்லவேளை, வெல்டு வைக்கவில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தினேன். கை வைக்குமுன், பழக்க தோஷம், பீடத்தின் ஓரத்தில் ஊசியால் மெல்லிய கீறல் ஒன்று போட்டுக்கொண்டேன். எந்தக் கடிகாரத்தைத் திறந்தாலும் பழைய நிலைக்கு ஓர் அடையாளம் வைக்காமல் நான் எதையும் அசைக்க மாட்டேன். பிறகு பீடத்தைத் திருப்பினேன். நாலு விரல் அகலம் நகர்ந்ததும் நிழல் மெல்ல ஊர்ந்து வந்து பத்தில் உட்கார்ந்தது. இறுக்கிவிட்டு, ஒரு குடும்பத்தையே காப்பாற்றிய பெருமையோடு கடைக்குத் திரும்பினேன்.

பதினொன்றாம் தேதி நான் ஒன்பதே முக்காலுக்குப் போனேன். எனக்கு முன்னால் அரைமணி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒன்பதரைக்கே வந்துவிட்டாராம், அவர் ஜாதகத்திலேயே இல்லாத சங்கதி. ஆனால் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், கம்பியைத் தொட்டுப் பார்த்தார், எதையோ விரல்விட்டு எண்ணினார்.

"என்ன சகல, எல்லாம் சரிதானே?" என்று கண்ணடித்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

மாமனார் வந்து உட்கார்ந்தார். மடியில் வானொலி. மூத்தவள் வாசற்படியில் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். வானொலி பத்து அடித்தது. மாமனார் தலையைச் சாய்த்துப் பார்த்தார். எட்டி விரலால் தடவினார். நிழல் பத்தாம் கோட்டின் மேல் அசையாமல் நின்றது.

"பத்து" என்றார், நம்ப முடியாமல். "நிழலும் பத்துதான். சரியா இருக்கேம்மா!" அவர் முகம் மலர்ந்தது. தான் வைத்த பந்தயம், அதற்கு அரைமணி சொன்ன கணக்கு எல்லாம் அந்தச் சந்தோஷத்தில் பறந்துவிட்டது. அவருக்கு வேண்டியதெல்லாம் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான். நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, அரைமணி நிற்கிற பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அந்தச் சொல் அவர் உதட்டு வரைக்கும் வந்துவிட்டது, நான் பார்த்தேன்.

"இல்ல மாமா" என்றார் அரைமணி. "இது தப்பு."

"எது?"

"இது பத்து காட்டக் கூடாது. ஒன்பதரை காட்டணும். சரியா காட்டுதுன்னா எங்கேயோ தப்பு நடந்திருக்கு. என் கணக்கு தப்பா, செஞ்சது தப்பான்னு தெரியல. நீங்க இரும்புக்காரர வரச் சொல்லிருங்க."

வீடே திகைத்து நின்றது. தாமதமாக வந்ததற்காக இருபத்தாறு வருடம் பேச்சு வாங்கியவர், தன் கடிகாரம் நேரத்துக்கு வந்துவிட்டதற்காகத் தலைகுனிந்து நிற்கிறார். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?" என்று மூத்தவள் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. நானும் அதையேதான் நினைத்தேன். பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் அந்தச் சொல் அவருக்குக் கிடைத்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற உலகத்தில், இந்த மனிதர் யாருக்கும் தெரியாத தப்பைத் தானே எடுத்து நீட்டுகிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்பு எனக்கு வந்ததில்லை.

"மாமா, நான்தான்" என்றேன். "நேத்து வந்து திருப்பி வச்சேன்."

"எதை?"

"கடிகாரத்த. ஸ்லோவா இருந்துச்சு. முள்ளத் திருப்புற மாதிரி..."

அரைமணி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் உயிர் திரும்பி வந்தது. "நீங்கதானா? அப்ப கணக்கு தப்பில்லயா?" என்று என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "கடிகாரத்துல முள்ளத் திருப்பலாம் சகல, சூரியனத் திருப்ப முடியுமா? இன்னிக்குப் பத்து காட்டும். மூணு மாசம் போனா அதுவும் இல்லாம இதுவும் இல்லாமப் போயிரும். பழைய எடம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, திரும்பக் குச்சி நடணும்..."

"கீறல் போட்டிருக்கேன்" என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதில்லை.

இரண்டு பேரும் குனிந்து போல்ட்டுகளைத் தளர்த்தினோம். பீடத்தைக் கீறலுக்குத் திருப்பியபோது நிழல் வந்த வழியே ஊர்ந்து பின்னால் போனது. அதற்குள் அரைமணி மாமனாருக்கு விளக்கினார். பூமி வருடம் முழுக்க ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, நேராகவும் நிற்பதில்லை. அதனால் ஒரு நடுப்பகலுக்கும் அடுத்த நடுப்பகலுக்கும் உள்ள நேரம் சில மாதங்களில் கொஞ்சம் கூடும், சில மாதங்களில் குறையும். கடிகாரம் அதையெல்லாம் சேர்த்து எடுத்த சராசரி. போதாததற்கு நாடு முழுவதற்கும் ஒரே மணி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் அந்த மணியைக் கணக்கிடுகிற தீர்க்கரேகைக்கு மேற்கே தள்ளி இருக்கிறது, சூரியன் இங்கே வருவதற்குப் பதினாறு நிமிடம் பிந்தும். நவம்பரில் இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும், பிப்ரவரியில் இரண்டும் கூடிக்கொள்ளும்.

மாமனார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"டைம்டேபிள்" என்றார்.

"என்ன மாமா?"

"நான் போர்டுல எழுதி வச்சது டைம்டேபிள். வாசலுக்குள்ள நுழைஞ்சது பஸ்ஸு. ரெண்டும் ஒண்ணா இருந்த நாளு வருஷத்துல நாலு இருந்தா அதிகம். மழை பெஞ்சா லேட்டு, சந்தை இல்லாத நாளு முன்கூட்டியே வந்துரும். வந்த வண்டிய வந்த நேரத்துக்குத்தான் எழுதணும். போர்டுல போட்டிருக்கிற நேரத்த எழுதுனவன வேலைய விட்டே தூக்கிருக்கேன்." அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு வேலை போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. "வாட்ச் டைம்டேபிள். இது பஸ்ஸு. பஸ்ஸப் பிடிச்சு போர்டுக்கு ஏத்த மாதிரி இழுத்து வச்சிருக்கீங்க!"

மூத்தவள் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஊர் முழுக்கப் பேசப்படுவேன் என்று புரிந்தது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தாயிற்று.

போல்ட்டை இறுக்கி முடித்து நிமிர்ந்தோம். மாமனார் ஒரு கையை நெற்றிக்கு மேல் வெயிலுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாப்ளே, மணி என்ன?"

இருபத்து நாலு வருடப் பழக்கம். என் கை தானாக எழுந்தது, கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து நாற்பத்திரண்டு. சொல்ல வாயைத் திறந்தேன்.

"உங்களைக் கேக்கல" என்றார் மாமனார். அவர் முகம் அடுத்த பக்கம் திரும்பியிருந்தது.

அரைமணி கையில் ஸ்பேனரோடு நின்றார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்தார், சட்டையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. குனிந்து நிழலைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற மனைவியைப் பார்த்தார். திரும்பவும் நிழலைப் பார்த்தார்.

"நிழலுக்குப் பத்து பன்னெண்டு மாமா" என்றார். "ரேடியோவுக்குப் பத்து நாப்பத்திரண்டு."

"அவசரமில்ல" என்றார் மாமனார். "நல்லாப் பார்த்துச் சொல்லுங்க மாப்ளே."